முழங்கால் தண்ணீர்

ஆவுடையாபுரத்தில் குழாய்த் தண்ணீர் எட்டு நாளைக்கு ஒருமுறை, வந்தால் உண்டு வராவிட்டால் இல்லை என்று ஆகி ஏழு வருடம் இருக்கும். அப்படியொரு தண்ணீர் நாளில், சந்தைத் தெருவில் பிளாஸ்டிக் குடங்கள் சிவப்பும் பச்சையும் நீலமுமாக வரிசை பிடித்துக் கிடக்க, குடங்களுக்குச் சொந்தக்காரிகள் ஒருத்தி முடியை ஒருத்தி பிடிக்காத குறையாக நின்றிருந்த காலை ஆறரை மணிக்கு, இருபது வருடமாக ஊரே குப்பை கொட்டி வந்த சந்தைக் கிணற்றுக்குள்ளிருந்து முப்பத்தைந்து பெண்கள் ஒருத்தி பின் ஒருத்தியாகப் படியேறி வெளியே வந்தார்கள்.

பேய் என்று யாரும் ஓடவில்லை. ஓடினால் வரிசையில் இடம் போய்விடும்.

வந்தவர்கள் அத்தனை பேரும் உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை நனைந்திருந்தார்கள். கூந்தலிலிருந்து சொட்டியது, முந்தானையிலிருந்து ஒழுகியது, நின்ற இடத்தில் கரிசல் மண் குழைந்து சேறானது. அதைப் பார்த்ததும்தான் வரிசையில் இருந்தவர்களுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏளா, எங்கன போய்க் குளிச்சிட்டு வாறீக?" என்று இடுப்பில் குடத்தோடு முன்னால் வந்தாள் பாக்கியம். "எந்தத் தெருவுல தண்ணி விட்டான்? எங்களுக்கு மட்டும் காத்தா வருது?"

முதலில் ஏறிவந்தவள் பாக்கியத்தை மேலும் கீழும் பார்த்தாள். "வடிவு டீச்சர் வீடு எது?" என்று கேட்டாள். கேட்ட குரலில் இருந்த சூட்டுக்கு அவள் புடவை காய்ந்திருக்க வேண்டும். காயவில்லை.

சங்கரவடிவு டீச்சருக்கு வயது எழுபது. நகராட்சிப் பெண்கள் பள்ளியில் முப்பத்துமூன்று வருடம் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவள், கல்யாணம் செய்துகொள்ளாதவள், பாக்கியத்துக்கு அடுத்த வீட்டுக்காரி. விடைத்தாள் திருத்தும் சிவப்பு மையை மூடி வைத்துவிட்டு நீல மையைத் திறந்து, வார இதழ்களுக்கு முப்பத்துநான்கு கதைகள் எழுதியிருந்தாள். கதைகளில் பெண்கள் வேறு வேறு, பட்ட பாடு வேறு வேறு, போய்ச் சேருகிற இடம் மட்டும் ஒன்று. கடைசிப் பத்தியில் ஒரு கிணறு இருக்கும். இதழ்க்காரர்கள் அச்சடித்த அட்டை ஒன்று அனுப்புவார்கள், ஒன்றரைப் பக்கத்துக்கு மிகாமல், முடிவில் வாசகர் கண் கலங்க வேண்டும் என்று. ஒன்றரைப் பக்கத்துக்குள் கண் கலங்க வைக்கக் கிணற்றைவிடக் கிட்டத்தில் வேறு எதுவும் அவளுக்குத் தெரியவில்லை. அவள் எழுதும் முறையே அதுதான். கோடு போட்ட தாளில் கடைசிப் பத்தியை முதலில் எழுதிவிடுவாள். பெண் குதிப்பாள், தண்ணீரில் வட்டம் வட்டமாக அலை விரியும், நிலா உடைந்து மறுபடி சேரும். அப்புறம் மேலே எத்தனை வரி மிச்சமிருக்கிறது என்று எண்ணிப் பார்த்து, அவளைக் கிணறு வரைக்கும் தள்ளிக்கொண்டு வருவதற்கு வேண்டிய புருஷனையோ மாமியாரையோ அந்த வரிகளுக்குள் அடைப்பாள்.

அந்த முப்பத்துநான்கு பேரும்தான் இப்போது அவள் வீட்டுக் கூடத்தில் நின்று மொசைக் தரையை நனைத்துக்கொண்டிருந்தார்கள். டீச்சருக்கு அவர்களை அடையாளம் காண நேரமாகவில்லை. பதினோரு பேர் ஒரே மாதிரி, அரக்குக் கரை போட்ட பச்சைப் புடவை கட்டியிருந்தார்கள். பதினோரு கதையில் அவள் அந்த ஒரு புடவையைத்தான் எடுத்துக் கொடுத்திருந்தாள். ஒருத்திக்குக் கண்கள் மட்டும் பெரிது பெரிதாக இருந்தன, மூக்கும் வாயும் பென்சிலால் தொட்டுவைத்ததோடு நின்றிருந்தன. இரண்டு பேர் மச்சம் உள்பட ஒரே அச்சு. ஒரு தீபாவளி அவசரத்தில் ஒரு கதையின் வர்ணனையைத் தூக்கி வேறொரு இதழுக்கான கதையில் வைத்ததன் பலன். ஒருத்தி கையில் குழந்தை இருந்தது, குழந்தைக்குக் கனம் இல்லை.

முதலில் வந்தவள் நாகரத்தினம். அவள் உட்காரவில்லை.

"எம் புருஷன் குடிச்சான். சரி. அடிச்சான். சரி," என்றாள். "எனக்குத் தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை இருந்துச்சு. எங்கம்மா வீடு மூணாந்தெரு. இம்புட்டையும் நீங்கதான் எழுதியிருக்கீக. அப்புறம் நான் எதுக்குக் கிணத்துக்குப் போனேன்?"

"கதை ஒன்றரைப் பக்கம்தானம்மா..." என்றாள் டீச்சர்.

"மூணாந்தெருவுக்குப் போக எம்புட்டுப் பக்கம் வேணும்? எடது பக்கம் திரும்பணும். அவ்வளவுதான். என்னையக் கையப் பிடிச்சு வலது பக்கம் இழுத்துட்டுப் போனது நீங்க. எந்த வீட்ல அடி வாங்குனவ, அந்நேரத்துக்கு நிலாவைப் பார்ப்பா? நீங்க பார்க்க வச்சீக! முதுகு எரியுது, எனக்கு நிலா!"

பெரிய கண்காரி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வாய் போதவில்லை. கண்ணால் மட்டும் முறைத்தாள்.

அப்போதுதான் டீச்சர் எண்ணிப் பார்த்தாள். கதை முப்பத்துநான்கு. பெண்கள் முப்பத்தைந்து. மிச்சமான ஒருத்தி வாசற்படியைத் தாண்டாமல் நின்றிருந்தாள். அவளுக்கு முகமே இல்லை. கழுவிக் கவிழ்த்த சிலேட்டுப் போல வழுவழுவென்று இருந்தது. மற்றவர்களைவிட அவளிடமிருந்துதான் தண்ணீர் அதிகமாக இறங்கியது. அந்த வழுவழுப்புக்குள்ளிருந்து ஒரு குரல் மூன்று வாக்கியம் சொன்னது.

"என் சாவுக்கு யாரும் காரணம் இல்லை. என்னை மன்னித்து விடுங்கள். தங்கச்சியை மட்டும் படிக்க வையுங்கள்."

சொல்லி முடித்து, மறுபடி முதலிலிருந்து சொன்னது.

அது அவள் கதை அல்ல. கதைகளுக்கெல்லாம் முன்னால் அவள் எழுதியது. ஐம்பத்திரண்டு வருடத்துக்கு முன்னால், அவள் அக்கா உலகம்மாள் ரயில்வே கேட்கீப்பர் மகனோடு மதுரை வண்டி ஏறப் போனாள். ஸ்டேஷனிலிருந்து அவளைத் தலைமுடியைப் பிடித்து இழுத்து வந்து, தொழுவத்தில் மாடு கட்டும் கயிற்றால் அப்பாவும் அண்ணனும் காரியத்தை முடித்துவிட்டு, பின்கட்டுக் கிணற்றில் போட்டார்கள். அப்புறம் அண்ணன் சுப்பையா கையைக் கழுவிவிட்டு ஒரு வெள்ளைத்தாளைக் கொண்டுவந்து வடிவுக்கு முன்னால் வைத்தான். கட்டுரைப் போட்டியில் ஜில்லாவிலேயே முதலாக வந்தவள் அவள். அக்காவின் கையெழுத்து மாதிரியே எழுதத் தெரிந்தவளும் அவள். 'உலகு எழுதின மாதிரி எழுது' என்றான். இரண்டு வரி அவன் சொன்னான். மூன்றாவது வரியை யாரும் சொல்லவில்லை. அந்த வருடத்தோடு தன் படிப்பை நிறுத்தப்போகிறார்கள் என்று தெரிந்திருந்த பதினெட்டு வயதுக்காரி, பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமல் அதையும் எழுதிவிட்டாள்.

அது பஞ்ச வருடம். இன்ஸ்பெக்டர் கிணற்றை எட்டிப் பார்த்தார், நெற்றியைச் சுருக்கினார், இந்தத் தண்ணியிலா என்று கேட்டார். பிறகு கடிதத்தை வாசித்தார். மூன்றாவது வரிக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். சாகப்போகிறவளைத் தவிர வேறு யாருக்கு இந்த வரி வரும் என்று சொல்லி, தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். சங்கரவடிவின் எழுத்துக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. அடுத்த ஜூன் மாதம் அவள் கல்லூரியில் சேர்ந்தாள்.

ஆனால் ஊருக்கு இதெல்லாம் தேவைப்படவில்லை. ஊர் வேறொன்றைக் கண்டுபிடித்திருந்தது. டீச்சர் வீட்டு வாசலில் நின்றிருந்த ஒருத்தியின் முந்தானைக்குக் கீழே பாக்கியம் சும்மா குடத்தை வைத்துப் பார்த்தாள். கால் மணி நேரத்தில் குடம் நிறைந்தது. நாக்கில் தொட்டுப் பார்த்து, "லேசா உப்பு," என்றாள். பின்னால் நின்றவள், "நம்ம ஊர்த் தண்ணி என்னைக்கு இனிச்சுச்சு? துவைக்க, கழுவ ஆகும்," என்றாள். அடுத்த அரைமணியில் சந்தைத் தெரு வரிசை அப்படியே டீச்சர் வீட்டு வாசலுக்கு இடம் மாறியது.

அடிதடி வரும்போல் ஆனபோது சுப்பையா அண்ணாச்சியைக் கூட்டிவந்தார்கள். எழுபத்தொன்பது வயது, வெள்ளை வேட்டி, இரண்டு முறை நகராட்சித் தலைவர். பதவி போய் இருபது வருடமாகியும் ஊர் அவரைத் தலைவர் என்றுதான் கூப்பிட்டது. அவர் பத்து நிமிடத்தில் தெருவுக்கு மூன்று பேர் என்று பிரித்துப் பட்டியல் எழுதிவிட்டார். முகமில்லாதவள் முறை வந்தபோது அவள் அந்த மூன்று வாக்கியத்தைச் சொன்னாள். தலைவரின் பேனா ஒரு கணம் நின்றது. "இது நம்ம வீட்டுக்கு வரட்டும்," என்றார். தங்கையின் பக்கம் திரும்பவில்லை.

இப்படியாக ஆவுடையாபுரம் அந்தப் பெண்களுக்குப் பழகிக்கொண்டது. தெருவுக்கு மூன்று வீட்டில் பித்தளை அண்டா வெளியே வந்தது. அண்டாவுக்குள் ஒருத்தி நின்றாள். தீப்பெட்டி ஆபீஸ்காரர்கள் மட்டும் அவர்களைக் கண்டாலே கதவைச் சாத்தினார்கள், மருந்து நமத்துப்போகும் என்று. மற்றபடி எல்லோருக்கும் அவர்களைப் பிடித்திருந்தது. வாரத்துக்கு ஒருமுறை குளித்துக்கொண்டிருந்த ஊர் தினம் குளித்தது, வாசல் தெளித்தது, செத்துப்போன முருங்கைகளுக்குக்கூட ஊற்றிப் பார்த்தது. அண்டாவில் நிற்பவளுக்குச் சாப்பாடு கொடுத்தார்கள். அவர்கள் மென்று விழுங்கிவிட்டு ருசி தெரியவில்லை என்றார்கள். டீச்சர் அவர்கள் யாரையும் ஒரு வாய்கூடச் சாப்பிட வைத்து எழுதியதில்லை.

பிறகு ஒருநாள் ஓய்வுபெற்ற கம்பவுண்டர் ஒருவர் நூலகத்தின் பழைய இதழ்க் கட்டிலிருந்து தன் வீட்டு அண்டாக்காரியின் கதையைத் தேடி எடுத்து, அவளுக்கே வாசித்துக் காட்டினார். கடைசிப் பத்தியில் அவளிடமிருந்து தண்ணீர் இரண்டு மடங்காகக் கொட்டியது. அவ்வளவுதான். மறுநாளிலிருந்து காலை ஆறு மணிக்கு ஊர் முழுக்க வாசிப்புச் சத்தம். அண்டாவுக்கு அண்டா அவரவர் கதை, அவரவர் கிணறு.

"மெதுவா வாசிங்க அத்தான். கைப்பிடிச் சுவர்ல கால் வைக்கிற எடத்துல நிறுத்தி வாசிங்க, அங்கதான் நல்லா ஊறும்."

"புள்ளைய நெனச்சுக்கிற வரியை ரெண்டு தடவை சொல்லு மதினி. நேத்து அதுக்கு ஒரு குடம் கூடுதலா வந்துச்சு."

நல்ல குரலுள்ளவர்களுக்கு மவுசு கூடியது. எந்த வரியில் எவ்வளவு கொட்டும் என்று ஊருக்கே மனப்பாடம் ஆனது. வீதியில் நடந்துபோன டீச்சருக்குத் தன் வாக்கியங்கள் இரண்டு பக்கமும் ஜன்னல் வழியாகக் கேட்டன. அப்போதுதான் அவளுக்கு முதன்முதலாகக் கோபம் வந்தது. முதலில் வாசிக்கிறவர்கள் மேல் வந்தது. பிறகு, ஒரு வாக்கியம் தெருமுனை வரைக்கும் விடாமல் கூடவே வந்து காதில் இரைந்தபோது, அதை எழுதியவள் மேல் வந்தது. என்ன எளிதாக எழுதியிருக்கிறாள். குழாயைத் திறக்கிற மாதிரி.

மத்தியானம் குடங்கள் நிறைந்த பிறகு பெண்கள் வந்து அவள் கூடத்தில் உட்காருவார்கள். நாகரத்தினம் முதல் ஆளாகப் பரீட்சை அட்டையையும் தாளையும் எடுத்து டீச்சர் மடியில் போட்டாள்.

"மாத்தி எழுதுங்க."

டீச்சர் எழுதினாள். நாகரத்தினத்தின் புருஷன் ஒரு காலையில் மனம் திருந்தி மனைவியின் காலில் விழுந்தான். நாகரத்தினம் வாசித்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் கூடமே தெறித்து நனைந்தது. "அவனா? எந்தக் கடையில திருந்தினான்? டீச்சர், நீங்க அவன் பக்கத்துல ஒருநாளாவது நின்னு மோந்து பார்த்திருந்தா இப்படி எழுதுவீகளா?"

தாளைக் கிழித்துவிட்டு வேறு எழுதினாள். ஒரு சமூகசேவகி வந்தாள். நாகரத்தினம் கொட்டாவி விட்டாள். மூன்றாவது முறை, ஐந்தாவது முறை. ஆறாவது முறை டீச்சர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, ஐம்பது வருடத்தில் கேட்டிராத ஒன்றைக் கேட்டாள்.

"நீயே சொல்லு. இடது பக்கம் திரும்பிப் போறே. கதவை யாரு திறந்தா?"

நாகரத்தினம் யோசித்தாள். "எங்கம்மா திறக்க மாட்டா. அவளுக்கு மூட்டுவலி. தம்பி பொண்டாட்டி திறப்பா. மூஞ்சியச் சுளிப்பா."

"என்ன சொல்லுவா?"

"ஒண்ணும் சொல்ல மாட்டா. சட்டியில கெடந்த பழைய சோத்த ணங்குன்னு நகட்டி வைப்பா. உரிச்ச வெங்காயம்கூட வைக்க மாட்டா."

"நீ?"

"திம்பேன். மூஞ்சியச் சுளிச்சா சுளிச்சிட்டுப் போறா. காலைல ஷிப்டு இருக்கு."

டீச்சர் அதை எழுதினாள். சோற்றின் புளிப்பை எழுதினாள். குனிந்து சாப்பிடும்போது முதுகுத்தோல் இழுத்து வலித்ததை எழுதினாள். நிலாவை எழுதவில்லை. எழுதிக்கொண்டிருக்கும்போதே நாகரத்தினத்தின் கால்விரலிலிருந்து ஈரம் மேலே மேலே வற்றி, கடைசியில் நெற்றி முடி உலர்ந்து காற்றில் பறந்தது. அவள் நாக்கைச் சப்புக்கொட்டி, "புளிக்கு," என்றாள். நன்றி என்று ஒரு சொல் சொல்லவில்லை. செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள்.

அன்றிலிருந்து நாளுக்கு ஒருத்தி, சில நாள் இரண்டு பேர். பெரிய கண்காரிக்கு மூக்கு எழுதியதும் முதல் வேலையாகத் தும்மினாள். வாய் எழுதியதும் டீச்சரை ஒரு மணி நேரம் திட்டினாள், பிறகுதான் போனாள். ஒரே அச்சாக இருந்த இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்து, மாமியார் பேச்சுக்கு ஒருத்தி அழுவதும் ஒருத்தி சிரிப்பை அடக்குவதும் தெரிந்த பிறகுதான் பிரித்து எழுத முடிந்தது. சரஸ்வதி என்பவள் மட்டும் சாவைக் கைவிட மறுத்தாள். "நான் செத்துத்தான் ஆகணும் டீச்சர். ஆனா கிணத்துல இல்லை. எனக்கு டைபாய்டுன்னு மூணாவது பத்தியில நீங்களே எழுதிட்டு, முடிவுல மறந்துட்டீங்க." அவளுக்கு அவளுடைய காய்ச்சலைத் திருப்பிக் கொடுத்தாள். நான்கு நாள் கிடந்து செத்தவளைச் சந்தைத் தெருக்காரர்கள் முறையாகத் தூக்கிப்போய் எரித்தார்கள். காய்ந்த விறகு மாதிரி எரிந்தாள் என்று வெட்டியான் சொன்னார்.

ஊரில் அண்டாக்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின.

"நல்லா இருந்த கதைய எதுக்கு டீச்சர் கெடுக்கிறீக?" என்றார் கம்பவுண்டர். "அழுகை வரல. கதைன்னா அழுகை வரணும்."

"எம் மகளுக்குத் தலைப்பிரசவம் டீச்சர். பச்சப்புள்ளத் துணி அலச வேணாமா?" என்றாள் பாக்கியம். மறுநாள் வாசலில் சாணி கரைத்து ஊற்றியிருந்தார்கள். அதற்கும் தண்ணீர் செலவழித்திருக்கிறார்களே என்று நினைத்துக்கொண்டே கழுவ வழியில்லாமல் தாண்டிப் போனாள்.

முப்பத்துநான்கும் முடிந்த அன்று அண்ணன் வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, கைத்தடியை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டார்.

"ஏட்டி வடிவு, போதும். ஒன்னு மிச்சம் இருக்கு. மணிக்குப் பதினாலு குடம் தருது. ஊருக்கு அது போதும். அதைத் தொடாதே."

"அது யாருன்னு தெரியுமா அண்ணே?"

"மூஞ்சியில்லாத ஒரு பொம்பளை."

"தினம் ஆயிரம் தடவை சொல்லுதே. காதுல விழலையா?"

"விழுது." அவர் குரல் தாழவில்லை, உயரவில்லை. "நீ எழுதினது. நல்லாத்தான் எழுதியிருக்கே. நீ படிச்சது, வேலை பார்த்தது, இந்த வீடு, எல்லாம் அதுலதான் வந்துச்சு. நான் உள்ள போனா நீயும்தான் வருவே. எழுபது வயசுல ஜெயில்ல என்ன எழுதுவே?"

அவர் போன பிறகு டீச்சர் வெகுநேரம் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவிரலில் பேனா அழுத்தி அழுத்திக் காய்த்துப்போன இடம். அந்தக் காய்ப்பு எந்த வரியில் தொடங்கியது என்று அவளுக்குத் தெரியும்.

காலை ஏழு மணிக்கு அண்ணன் வீட்டுப் பின்கட்டில் ஊரே குடத்தோடு நின்றது. பழைய கிணற்றின் மேல் என்றைக்கோ கான்கிரீட் பலகை போட்டு மூடியிருந்தார்கள். பலகையின் மேல் முகமில்லாதவள் நின்று, மூன்று வாக்கியத்தையும் திருப்பித் திருப்பிச் சொல்லி, நான்கு பக்கமும் ஒழுகிக்கொண்டிருந்தாள். டீச்சர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்த் துவைகல்லில் உட்கார்ந்து, பரீட்சை அட்டையை மடியில் வைத்தாள். மற்றவர்களிடம் கேட்டதுபோல இவளிடம் எதையும் கேட்க முடியாது. கேட்டால் அந்தக் கடிதத்தைத்தான் சொல்வாள். நடந்ததைச் சொல்லக்கூடியவள் இனி தான் ஒருத்தி மட்டும்தான்.

எழுதினாள். எழுத எழுத வாய்விட்டு வாசித்தாள். முப்பத்துமூன்று வருடம் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்க வைத்த குரல் அது.

"கிணற்றில் முழங்கால் தண்ணீர்தான் இருந்தது."

குடங்களின் சத்தம் நின்றது.

"அதில் யாரும் மூழ்கிச் சாக முடியாது. என் அக்கா உலகம்மாள் மூழ்கவில்லை."

"நிறுத்துட்டி!" என்றார் சுப்பையா பின்வாசலிலிருந்து.

அவள் நிறுத்தவில்லை. ஸ்டேஷனை எழுதினாள். அக்காவின் அறுந்த பின்னலை எழுதினாள். தொழுவத்தில் மாடு மிரண்டு தொட்டியை உதைத்துக் கவிழ்த்ததை, அந்தச் சத்தத்துக்கு அம்மா அடுப்படியில் சட்டியைத் தேய்ப்பதை நிறுத்திவிட்டு மறுபடி தேய்க்கத் தொடங்கியதை, கயிற்றை யார் பிடித்தார், காலை யார் பிடித்தார் என்பதை எழுதினாள். ஒவ்வொரு வரிக்கும் அந்தச் சிலேட்டு முகத்தில் ஒன்று எழும்பியது. இடது புருவத்தில் ஊஞ்சல் பட்ட தழும்பு. இடப்பக்கம் குத்தியது சீழ் பிடித்ததால் வலப்பக்கம் போட்ட மூக்குத்தி. கொஞ்சம் தூக்கலான முன்பல். இருபத்திரண்டு வயது முகம், அச்சம் கொஞ்சமும் இல்லாத, ஆத்திரத்தில் சிவந்த முகம். உச்சியிலிருந்து ஈரம் கீழே கீழே வற்றிக்கொண்டே வந்தது.

"அண்ணன் சொல்லச் சொல்ல நான் ஒரு கடிதம் எழுதினேன்," என்று வாசித்து, டீச்சர் முற்றுப்புள்ளி வைத்தாள்.

"கதை எழுதுறவ சொல்றதை எவன்யா நம்புவான்?" சுப்பையா கைத்தடியை ஓங்கினார். "முப்பத்துநாலு பொய் எழுதினவ!"

"அன்னைக்கும் நான்தானே அண்ணே எழுதினேன்," என்றாள் வடிவு. "ஊரே நம்புச்சே."

பாக்கியம் முதலில் அசைந்தாள். பாதி நிறைந்திருந்த தன் குடத்தைப் பார்த்தாள், மகளை நினைத்திருப்பாள், ஒரு மூச்சு இழுத்தாள். தலைவரின் வெள்ளை வேட்டிக்கு நேராகப் போய், அவர் கால்மாட்டில் குடத்தைக் கவிழ்த்தாள். அடுத்தவள் கவிழ்த்தாள். அதற்கடுத்தவள். ஏழு வருடத்தில் ஆவுடையாபுரத்தில் குடத்துத் தண்ணீரை வீணாகக் கவிழ்த்தது அன்றுதான். நடுவில் நின்ற கிழவர் வேட்டி நனைய, சேற்றில் கைத்தடி புதைய, நகர முடியாமல் நின்றார். கம்பவுண்டர் செல்போனை எடுத்துக் காவல் நிலையத்தின் எண்ணைத் தேடிக்கொண்டே வெளியே போனார். கூட்டம் அவர் பின்னால் போனது.

பின்கட்டில் அக்காவும் தங்கையும் மிச்சம். அக்காவுக்கு இருபத்திரண்டு, தங்கைக்கு எழுபது.

"உலகு," என்றாள் வடிவு.

உலகம்மாள் புடவையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினாள். முழங்காலுக்கு மேலே எல்லாம் காய்ந்திருந்தது. முழங்காலுக்குக் கீழே இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

"மூணாவது வரியை அண்ணனா சொன்னான்?" என்று கேட்டாள்.

"இல்லை."

"நல்லா எழுதியிருந்தே. நான் சொல்ற மாதிரியே. அது இல்லேன்னா அந்த இன்ஸ்பெக்டர் நம்பியிருக்க மாட்டான். கிணத்தை இன்னொரு தடவை எட்டிப் பார்த்திருப்பான்."

"தெரியும்."

"தெரிஞ்சா எழுது."

வடிவு முற்றுப்புள்ளியை அடித்தாள். தாளில் இடம் இருந்தது. ஒன்றரைப் பக்கம் என்று யாரும் கட்டுப்படுத்தவில்லை. மூன்றாவது வரியை யாரும் சொல்லவில்லை என்று எழுதினாள். அதை எழுதும்போது தனக்கு அழுகை வரவில்லை என்றும், கை நடுங்கவில்லை என்றும், கல்லூரி விடுதியில் கட்டில் எந்த ஜன்னலோரம் கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்ததாகவும் எழுதினாள். பாராட்டு கிடைத்தபோது மகிழ்ச்சியாக இருந்தது என்று எழுதினாள். அதை அழகாகச் சொல்ல ஒரு வழி பேனாவின் முனைவரைக்கும் வந்தது, விட்டுவிட்டாள்.

உலகம்மாளின் பாதங்கள் காய்ந்தன. அவள் கான்கிரீட் பலகையிலிருந்து இறங்கினாள். கையை நீட்டித் தாளை வாங்கி, முதலிலிருந்து கடைசிவரை நின்றபடி வாசித்தாள். மன்னித்ததாகவோ மன்னிக்காததாகவோ அந்த முகத்தில் எதுவும் இல்லை. தாளைத் திருப்பித் தங்கை மடியில் வைத்தாள்.

"ஸ்டேஷன் இன்னும் அங்கனதான் இருக்கா?"

"இருக்கு."

"மதுரை வண்டி?"

"எட்டே முக்காலுக்கு."

உலகம்மாள் பின்னலை இறுக்கி முடிந்துகொண்டு வேலிப்படலைத் திறந்தாள். வடிவு அவளைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டாள் என்று எழுதினால் அந்த வரி பொய்யாகிவிடும் என்று இப்போது அவளுக்குத் தெரிந்திருந்தது. துவைகல்லில் உட்கார்ந்தபடியே, ஜீப் வரும் சத்தம் தெருமுனையில் கேட்கும்வரை, வேலிக்கு அப்பால் நீண்டு கிடந்த கரிசல் மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா நடந்து போன வழி நெடுக ஓர் ஈரத்தடம்கூட இல்லை.